மனைவியின் காரில் என் றேடியோ

மின்சாரக் காரில் ஹாம் றேடியோ பூட்ட முடியாது என்று எனக்குச் சொன்னவர்களில் ஒருவர்கூட மின்சாரக் கார் வைத்திருந்ததில்லை. இரைச்சல் வரும் என்றார்கள். கார் எரியும் என்றார்கள். அயல்வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உந்தக் கம்பியைக் காரிலை நட்டுக்கொண்டு திரிஞ்சால் ஆமி மறிக்கும்" என்றார். போர்க்காலத்தில் இப்படி ஒரு பெட்டி வைத்திருந்தவனுக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்கும் தெரியும். இப்போது அனுமதிப்பத்திரம் என் பணப்பையில் இருக்கிறது. மறிக்கிறவனுக்குக் காட்டுவேன்.

ஹாம் றேடியோ என்றால் நடுவில் எந்தப் போன் கம்பனியும் இல்லாமல் வானலையில் ஆளோடு ஆள் கதைப்பது. ஒரு புயலில் எங்கள் உடுப்பிட்டியில் எல்லாப் போனும் செத்துப்போக, வீட்டிலிருந்த பெட்டியால்தான் மட்டக்களப்பில் உள்ள என் கூட்டாளிக்குச் செய்தி சொன்னேன். ஆனால் தண்ணீர் ஏறிய வீடுகளைப் போய்ப் பார்ப்பதும், சொல்வதற்கு வீட்டுக்கு ஓடி வருவதும், திரும்பப் போவதுமாக நாய் படாத பாடு பட்டேன். பெட்டி காருக்குள் போகவேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன்.

கார் மனைவியுடையது. அவள் அரியாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். கார் இல்லையென்றால் இரண்டு பஸ் மாறவேண்டும்.

வயரிங் வேலைக்கு ஒருவனைக் கூப்பிட்டேன். வந்ததும் வராததுமாக, "அண்ணை, சீற்றுக்குக் கீழை அவ்வளவு பெரிய பற்றறி கிடக்கு. அதிலையிருந்து ஒரு லைன் இழுப்பம்" என்றான்.

"அந்தச் செம்மஞ்சள் வயரைத் தெரியுதோ? முந்நூறு வோல்ட்டுக்கு மேலை. தொட்டால் நீ கரிக்கட்டை. வீட்டை போ" என்றேன். போய்விட்டான். நானே செய்தேன்.

மின்சாரக் காரிலும் பெற்றோல் காரில் இருப்பதுபோல் ஒரு சின்னப் பன்னிரண்டு வோல்ட் பற்றறி உண்டு. விளக்கு, கதவுப் பூட்டு, பெரிய பற்றறியை எழுப்பும் கணினி எல்லாம் அதில்தான் நிற்கின்றன. றேடியோவுக்கும் அதே பன்னிரண்டு வோல்ட்தான் வேண்டும். சிகரெட் கொளுத்தும் துளையில் செருகுகிற வேலை எனக்குப் பிடிக்காது. கூடிய சக்தியில் கதைத்தால் பியூஸ் போய்விடும். பற்றறியிலிருந்தே இரண்டு தடித்த வயர் எடுத்து, இரண்டிலும் பியூஸ் போட்டு, காலடி விரிப்புக்குக் கீழால் பின்பக்கம் கொண்டுபோனேன். பெட்டி பின்னுக்கு, மைக் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில். அன்ரனாவைப் பின்கதவில் இரும்புத் தாங்கி வைத்து முறுக்கினேன். காந்தத்தால் ஒட்டுகிற கால் எங்கள் வீதிப் பள்ளங்களுக்குத் தாக்குப்பிடிக்காது.

வேலை செய்தது. ஆனால் காரை உயிர்ப்பித்தால் ஒரு போத்தலுக்குள் நூறு இலையான் ஈயை அடைத்ததுபோல் இரைச்சல். காரை நிறுத்தினால் குரல் துல்லியம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காரை நிறுத்திவிட்டு உள்ளே இருந்து மட்டக்களப்போடு பின்னேரம் முழுக்கக் கதைத்தேன். எனக்குக் கீழே ஒரு வீட்டையே நடத்தக்கூடிய மின்சாரம் கிடக்கிறது, என்ன குறை என்ற நினைப்பு.

திங்கள் காலை கார் எழும்பவில்லை. திறப்பை அமத்தினால் கதவுகூடத் திறக்கவில்லை.

"பெரிய பற்றறி நிறையக் கிடக்கெண்டு நேற்றுச் சொன்னனீங்கள்?" என்றாள் மனைவி.

"ஓம், அது நிறைஞ்சுதான் கிடக்கு. நேற்றுக் கதைச்சதிலை சின்னது செத்துப்போச்சு."

"எலிக்குஞ்சு செத்ததாலை ஆனை எழும்பாதாம். அதுக்கு நான் பஸ்ஸிலை போகோணுமாம்."

"இஞ்சேரும், அது அப்பிடிச் செய்து வைச்சிருக்கிறாங்கள்…"

"இஞ்சேருங்கோ, வாற திங்கக்கிழமையும் இது எழும்பாட்டில் உந்தப் பெட்டி என்ரை காரிலை இல்லை. சொல்லிப்போட்டன்." படலைக் கதவடிக்குப் போனவள் திரும்பினாள். "எங்கடை அப்பா வல்வெட்டித்துறையிலை இவ்வளவு காலம் கடல்தொழிலுக்குப் போனவர். எஞ்சின் ஸ்ராட் பண்ணுற பற்றறியிலை ஒருநாளும் லைட் கொளுத்தேல்லை. அதுக்கு ஒண்டு, இதுக்கு ஒண்டு. கடலிலை நிண்டுபோனால் ஆர் தள்ளுறது?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் வந்தது. காரைச் செய்தவன் மேலும் வந்தது. கார் நிற்கும்போது பெரியது சின்னதுக்கு ஒரு சொட்டும் கொடுக்காது. அந்த மூளையை என்னவென்று சொல்வது?

அந்தக் கிழமையே படகுக்காரர் வாங்குகிற லித்தியம் பற்றறி ஒன்று வாங்கினேன். அதைப் பின்பக்கத் தட்டுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். றேடியோவைச் சின்னப் பற்றறியிலிருந்து கழற்றி இதில் கொடுத்தேன். கார் ஓடும்போது மட்டும் இது சார்ஜ் ஏறும். கார் நின்றதும் இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிடும். அதற்கு நடுவில் ரிலே என்கிற தானியங்கிச் சுவிட்ச் ஒன்று. இரைச்சலுக்கு, வயர்களைக் கறுப்புக் காந்த வளையங்களுக்குள்ளால் பல சுற்றுச் சுற்றினேன். பின்கதவுக்கும் கார் உடம்புக்கும் செம்புப் பட்டி பிடித்தேன். நூறு இலையானில் நாலைந்துதான் மிஞ்சின. அவற்றோடு வாழலாம்.

சனி காலை நிறுத்திய காரில் றேடியோவைப் போட்டேன். நிற்பாட்டவே இல்லை. அவள் இடையிடையே வந்து காதைக் கொடுத்துப் பார்த்தாள். "கத்தட்டும், கத்தட்டும். திங்கக்கிழமை தெரியும்" என்றாள்.

திங்கள் காலை காருக்குள் ஏறிப் பொத்தானை அமத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"எழும்பீட்டுது" என்றாள்.

"எழும்பும் எண்டு எனக்குத் தெரியும்."

"பெரிய கெட்டிக்காரன். போன கிழமையும் தெரியும்தானே?" என்றுவிட்டுப் போனாள். றேடியோவை நிற்பாட்டாமல்தான் போனாள்.

பின்னேரம் வந்து பையை வைத்தாள். "அந்த மட்டக்களப்பு அண்ணை நான் வாற வழி முழுக்க றேடியோவிலை உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர். பாவம், ஒருதரும் மறுமொழி சொல்லேல்லை."

"நீர் மைக்கைத் தொடேல்லைத்தானே? அனுமதிப்பத்திரம் இல்லாமல் கதைக்கக் கூடாது."

"தொடேல்லை. அந்தப் பத்திரம் எடுக்க என்ன படிக்கோணும்?"

"கனக்கப் படிக்கோணும். சோதினை வேறை."

"கார் என்ரை" என்றாள். "அதுக்குள்ளை கிடக்கிற பெட்டியிலை நான் கதைக்கிறதுக்கு உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கேலாது. சோதினைப் புத்தகத்தை எடுங்கோ."

எடுத்துக் கொடுத்தேன். பெட்டி காரில்தான் இருக்கிறது.