சுவருக்குள் போன வயர்

கடை மாப்பிள்ளையை நான் முதலில் பார்த்தது ஸ்பீக்கருக்கு வயர் வாங்கப் போன இடத்தில். முதல் சம்பளத்தில் பழைய ஸ்டீரியோ ஒன்று வாங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி நான்தான் என்பதை யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியாத காலம் அது, அவரிடமும் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் எவ்வளவு தூரம்?" என்றார். அன்று ஆரம்பித்த பழக்கத்தில், பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதுதான் இது.

அந்த எலக்ட்ரிக்கல் கடை அவருடைய மாமனாருடையது. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவரை மாமனார் கடையோடும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். அதனால்தான் தெருவில் அவருக்கு அந்தப் பேர். காலையில் ஷட்டரைத் தூக்குவதும் அவர்தான், ராத்திரி இறக்குவதும் அவர்தான். கல்லாச் சாவி மட்டும் மாமனாரின் இடுப்பில்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாமனார் இரண்டாவது கடைக்கு இடம் பிடித்திருந்தார். மேலே ஓர் அறை, சமையலறை. "நம்ம புது வீட்டு வேலை முடியட்டும் மாப்பிள்ளை. அந்தக் கடை உங்க பொறுப்பு, நீங்க ரெண்டு பேரும் அங்கேயே இருந்துக்கலாம்" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு கடை மாப்பிள்ளை ஒரு வருஷத்தை ஓட்டினார். மனைவி அந்தச் சமையலறைக்கு எந்தப் பக்கம் அலமாரி அடிப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள்.

புது வீட்டில் மாமனாருக்கு ஓர் ஆசை. ஸ்டீரியோ கீழே ஹாலில் இருக்க வேண்டும், ஸ்பீக்கர் மாடியில் கடைசி அறையில் பாட வேண்டும், நடுவில் ஒரு வயரும் கண்ணில் படக் கூடாது. வயர் வேலையைக் கடை மாப்பிள்ளையிடம் கொடுத்திருந்தார். கட்டட வேலையை மேற்பார்த்தது மச்சான், அதாவது மனைவியின் தம்பி. அவன் குறுகலான பைப்பைச் சுவரில் பதித்துவிட்டு, காலிங் பெல்லுக்குப் போடும் மெல்லிசு வயரை எடுத்து வைத்திருந்தான். மாமனார் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தார்.

கடை மாப்பிள்ளை தூரத்தை அளந்து பார்த்துவிட்டு, இது ஆகாது என்றார். வயரில் போகும் மின்சாரம் திரும்பியும் வர வேண்டும், அதனால் நீளத்தை இரண்டு மடங்காகக் கணக்கு வைக்க வேண்டும். இவ்வளவு தூரத்துக்கு மெல்லிசு வயர் போட்டால் பாதி பலம் வழியிலேயே செத்துவிடும் என்றார். தடித்த வயர் என்றால் பைப்பை மாற்ற வேண்டும், பைப்பை மாற்ற சுவரை உடைக்க வேண்டும்.

"பாட்டுதானே அத்தான் போகுது, லாரியா போகுது?" என்றான் மச்சான். ஆம்ப்ளிஃபயரை மாடிக்கே தூக்கிக்கொண்டு வந்து, அதே வயரில் கையளவு வெட்டி, ஸ்பீக்கர் பக்கத்திலேயே வைத்துப் போட்டுக் காட்டினான். பாட்டு கணீரென்று கேட்டது. கையளவுக்கு எந்த வயரிலும்தான் கேட்கும் என்று இவர் சொன்னது மேஸ்திரியின் சிரிப்பில் காணாமல் போனது. தண்ணீர் கொண்டுவந்த மனைவி, இத்தனையையும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சானோடு மல்லுக்கட்டிவிட்டு அந்த வீட்டில் சோறு இறங்காது என்பதால் இவர் அதற்கு மேல் பேசவில்லை. மெல்லிசு வயரே உள்ளே போனது. மேலே பூச்சும் ஏறியது.

குடிபோன ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லோரும் மாடி அறையில் கூடியிருக்க, கீழே பாட்டைப் போட்டார்கள். பாடுகிறவருக்குக் காய்ச்சல் வந்தது மாதிரி ஒரு குரல் வந்தது. தாளம் ஈரச் சாக்கில் தட்டுவது போலக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினால் கரகரப்புதான் கூடியது.

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். "இந்த மனுஷனுக்கு வயரைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதுன்னுதான் வயரைக் கொடுத்தேன். இப்ப அதுவும் தெரியலை" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் தடிச்ச வயர்தான் கேட்டேன் மாமா. மச்சானைக் கேளுங்க."

"அப்படியா அத்தான்? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றான் மச்சான், பலகாரத் தட்டைக் கீழே வைக்காமலே.

"உங்க பொண்ணு பக்கத்துலதான் இருந்தா. அவளைக் கேளுங்க."

மாமனார் கேட்கவும் செய்தார். அவள் அப்பாவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். புருஷனை மட்டும் பார்க்கவில்லை. "வயர் விஷயமெல்லாம் எனக்கு என்னப்பா தெரியும்?" என்றாள்.

மறுநாள் சுவரை உடைத்தது கடை மாப்பிள்ளைதான். மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். பெரிய பைப், தடித்த வயர். பாட்டு மாடியில் கணீரென்று எழுந்தது. "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே மாப்பிள்ளை" என்றார் மாமனார். பஸ் நிலையத்துக் கடைச் சாவி அந்த வாரமே மச்சானிடம் போனது.

ராத்திரி படுக்கையில் மனைவி தானாகத்தான் பேச்செடுத்தாள். "அத்தனை பேர் முன்னாடி தம்பியை எப்படிங்க காட்டிக் கொடுக்கிறது?"

"என்னைக் கொடுக்கலாமா?"

அவள் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அத்தனை பேர் முன்னாடி அவமானப்பட்டதுகூடப் பரவாயில்லை தம்பி, என்றார் என்னிடம். அவள் தூங்கியும் போய்விட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது அவர் வேறு ஊரில், ஒரு மின்விசிறிக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறார். தனி அறை, தானே பொங்கிச் சாப்பிடுகிறார். மனைவி அப்பா வீட்டில்தான் இருக்கிறாள்.