ஊரையெல்லாம் ஹஜ்ஜுக்கு அனுப்பியவன்

என் தம்பி ஷௌகியைப் பற்றி எகிப்தில் எங்கள் தமன்ஹூர் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். குறை சொல்ல நான் ஒருத்தி இருக்கிறேன், அது போதும். கூடப் பிறந்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி? ரயிலடிக்கு எதிரே, கரும்புச்சாறு கடைக்கு மாடியில் அவனுடைய டிராவல் ஆபீஸ். என் வீட்டுக்காரர் மௌத்தான பிறகு, சும்மா உட்கார்ந்து சுவரை வெறிக்காதே என்று சொல்லி அவன்தான் என்னைக் கூட்டிப் போய் அங்கே போன் பக்கத்தில் உட்கார வைத்தான். நல்லவன்தான். அவன் ஊருக்கு நல்லவனாக இருந்ததில் வீணாய்ப் போனது அவன் பெண்டாட்டி இன்சாஃப்.

உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் மக்காவுக்கு ஆள் கூட்டிப் போவதுதான் அவன் தொழில். குவைத்துக்கு வேலைக்குப் போகிற பையன்களின் டிக்கெட்டெல்லாம் மேல்வரும்படி. வருஷா வருஷம் ஹஜ்ஜுக்குத் தானே கூட்டத்தோடு போவான். கிழவிகளைத் தோளில் தாங்கிக் கூட்டிப் போவான், தொலைந்து போன கிழவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பான், திரும்பி வரும்போது தொண்டை கட்டிப்போய் வருவான். அத்தனை முறை போனவன் பெண்டாட்டியை ஒரு முறை கூட்டிப் போகவில்லை. கூட்டிப் போகக்கூடாது என்றில்லை. ஒவ்வொரு வருஷமும் அவளுக்கென்று ஒரு இடம் எடுத்து வைப்பான். கடைசி நேரத்தில் யாராவது ஒரு கிழவி வந்து, "மகனே, அடுத்த வருஷம் நான் இருப்பேனோ என்னமோ" என்று அழுவாள். இவனுக்கு மனசு இளகிவிடும். வீட்டுக்கு வந்து தலையைச் சொறிவான். இன்சாஃப் முலுக்கியா கீரையைக் கிண்டிக்கொண்டே, "யாருக்குக் குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்பாள்.

எனக்குத்தான் பொறுக்காது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக இருக்கிறதே உன் பிழைப்பு என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரே மகள் நிஹாலைக் குவைத்துக்குக் கட்டிக் கொடுத்த பிறகு, இன்சாஃபுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். ஆஸ்துமாக்காரி. குளிர்காலம் வந்தால் மூச்சு விசில் அடிக்கும். "மதினி, மாடிப்படி ஏறவே நாலு தடவை நிக்கிறேன். இன்னும் ரெண்டு வருஷம் போனா அங்க நடக்க எனக்குத் தெம்பிருக்குமா?" என்று என்னிடம் கேட்டாள். அதை அப்படியே தம்பியிடம் சொன்னேன். அவன் ஆடிப்போய்விட்டான். நோன்புக்கு முன்னமே அவள் கையைப் பிடித்து, இந்த வருஷம் அல்லாவே வந்து கேட்டாலும் உன் இடத்தைக் கொடுக்க மாட்டேன் என்றான். அஸ்தக்ஃபிருல்லா, என்ன பேச்சு இது என்று நான்தான் அதட்டினேன்.

அவள் அன்றைக்கே கிளம்பிவிட்டாள், வீடு வீடாக. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் போகுமுன் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, மனசில் இருக்கிற பகையைக் கழுவிவிட்டுத்தானே போக வேண்டும். பங்குச் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த தங்கச்சி வீட்டுக்குக்கூடப் போய்க் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுவிட்டு வந்தாள். என்னிடமும் வந்து நின்றாள். நீ எனக்கு என்னடி பாவம் செய்தாய் என்றேன். "உங்க தம்பியப் பத்தி மனசுக்குள்ள நிறையத் திட்டியிருக்கேன் மதினி" என்றாள். நான் அதைவிட அதிகமாக வாயாலேயே திட்டியிருக்கிறேன், போடி என்றேன்.

அதற்குள் பன்றிக் காய்ச்சல் வந்துவிட்டது. முதலில் எங்கேயோ மெக்சிகோவில் என்றார்கள். பிறகு இங்கேயும் பன்றிகளையெல்லாம் கொன்றார்கள். பன்றியே தின்னாத ஊரில், ஏதோ பக்கத்து வீட்டில் கட்டி வளர்த்த மாதிரி பயம். தெருவில் யாராவது தும்மினால் கூட்டம் விலகி வழி விடும். வெங்காயம் தின்றால் வராது என்றான் ஒருவன். பஸ்ஸில் ஏறினால் மூக்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று. உம்ராவுக்குப் பணம் கட்டியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து வேண்டாம் என்றார்கள். ரமலான் மாதம் முழுக்க எங்கள் ஆபீஸ் போன் அடித்தால், அது நிஹாலாக இருக்கும், இல்லை ராங் நம்பராக இருக்கும். ஷௌகி காலையில் போய் பெயர்ப் பலகையைத் துடைப்பான், மத்தியானம் அதையே மறுபடியும் துடைப்பான்.

ஆள் வராத அந்த நாளில்தான் அவன் அந்த வேலையைச் செய்தான். எங்கள் பக்கம், ஹஜ்ஜுக்குப் போனவர் திரும்பி வருவதற்குள் வீட்டு வாசல் சுவரில் படம் எழுதி வைப்பார்கள். காபா, விமானம், ஒட்டகம், மேலே ஹாஜியார் பெயர். போனவர் அங்கே இருக்கும்போது எழுதுவதுதான் வழக்கம். படம் எழுதும் பையூமிக்கு அந்த வருஷம் கையில் வேலையே இல்லை. ஷௌகியைப் பார்த்து அவன் புலம்ப, இவனும் இளகி, இப்போதே எழுது என்று சொல்லிவிட்டான். பிழைப்பில்லாதவனுக்குப் பிழைப்பு, பெண்டாட்டிக்கும் சந்தோஷம் என்று கணக்குப் போட்டிருப்பான். நானும் இன்சாஃபும் சந்தையிலிருந்து வந்து பார்த்தால், பச்சை விமானமும் கறுப்புக் காபாவும், 'ஹாஜியம்மா இன்சாஃப்' என்று ஆளுயர எழுத்தும். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த மாதிரி இருந்தது எனக்கு. அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள், விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது. சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

பிறகுதான் அந்த உத்தரவு வந்தது. அறுபத்தைந்து தாண்டியவர்கள் போகக்கூடாது. சின்னப் பிள்ளைகள் கூடாது. சர்க்கரை, இதயம், நெஞ்சு நோய் இருப்பவர்கள் கூடாது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களில் இவர்களைக் கழித்தால் மிச்சம் யார்? ஆயுசு முழுக்கச் சேர்த்து வைத்து, சாகிற வயசில்தான் எங்கள் ஜனம் அங்கே போகிறது. ஷௌகி ஒவ்வொருவரையாக ஆபீஸுக்குக் கூப்பிட்டுச் சொன்னான். எருமையை விற்று வந்த ஒரு கிழவர், அங்கே செத்தால் எனக்கு நல்லதுதானே, அதற்குத்தானே போகிறேன், அரசாங்கத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். இவன் அவர் செருப்பை எடுத்துக் காலில் மாட்டிவிட்டு, படி இறக்கிவிட்டு வந்தான்.

எங்கள் தெருவில் மித்வல்லி என்று ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் நெஞ்சு நோய். அவரையும் நிறுத்திவிட்டான். மறுநாளே அவர் பெண்டாட்டி பஹீஜா எங்கள் வாசலில் வந்து நின்றாள். சுவரை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்க வந்த கூட்டமே கேட்கிற மாதிரி, "எங்க வீட்டுக்காரருக்கு வந்தா நெஞ்சு நோவு, ஏஜெண்ட் பொண்டாட்டிக்கு வந்தா இருமல் பாட்டோ?" என்றாள். சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

அன்றையிலிருந்து ஷௌகிக்குத் தூக்கம் போயிற்று. ஒரு டாக்டர் நண்பன், நெஞ்சு சுத்தம் என்று எழுதித் தருகிறேன் என்றான். வாங்கிக்கொள்ளடா, ஊரே அப்படித்தான் வாங்குகிறது என்றேன். திருப்பி அனுப்பினவர்கள் முகத்தில் எப்படி அக்கா முழிப்பேன் என்றான். பெண்டாட்டி முகத்தில் முழிப்பாயாக்கும் என்றேன். கடைசியில் வாங்கினான். வாங்கிவிட்டான் என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன், மடச்சி.

தடுப்பூசி போட எல்லாரும் சுகாதார ஆபீஸுக்குப் போன அன்று நானும் கூடப் போனேன். வரிசையில் எங்கள் கூட்டம் மொத்தமும் நின்றது. மித்வல்லியின் தம்பிக்கு அறுபத்தைந்து ஆகவில்லை, நோயும் இல்லை, அவனும் நின்றான். இன்சாஃப் புது வெள்ளை உடுப்பில், மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். அவள் முறை வந்தது. அங்கிருந்த டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, ஒப்புக்குத்தான், நெஞ்சில் ஒன்றும் இல்லையே அம்மா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டுமுன் பின்னால் மித்வல்லியின் தம்பி இருமினான். இழுத்து, வேண்டுமென்றே. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ஷௌகியின் முகம் செத்துவிட்டது. மேசை மேலிருந்த அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்தான்.

"ஆஸ்துமா இருக்கு டாக்டர்," என்றான். "இவங்கள எடுத்துடுங்க."

அந்த டாக்டருக்கே என்ன செய்வது என்று தெரியவில்லை. இன்சாஃப் மேலே சுருட்டி விட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். வீடு வரை நான் தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தேன். சாயங்காலம் தெருவில் ஷௌகியைப் பற்றி எல்லாரும் உயர்வாகப் பேசினார்கள். பெண்டாட்டி என்றும் பார்க்காத நேர்மையாம். பஹீஜாகூட ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்பு கொடுத்தனுப்பினாள். அதை நான் பூனைக்குப் போட்டேன்.

அதன் பிறகு தெரியாத ஊர்க்காரர் யாராவது வந்தால், காய்கறிக்காரன், கேஸ்காரன், சுவரைப் படித்துவிட்டு, ஹாஜியம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். இவள் ஒவ்வொருவரிடமும் நின்று, "நான் போகலப்பா" என்று சொல்வாள். சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்றாள். அடுத்த வருஷம் கட்டாயம் போவாய், இருக்கட்டும் என்றான் அவன்.

கூட்டத் தலைவன் போகாமல் முடியாது. கிளம்புகிற காலையில், பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு அவள் எதிரே வந்து நின்றான். அங்கே போய் உன் பேரைச் சொல்லி அல்லாவிடம் கேட்கிறேன் என்றான்.

"வேண்டாம்," என்றாள் இன்சாஃப். "எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டேன். உங்களுக்குத்தான் குடுக்க முடியல. நாளைக்கே நான் செத்தாலும் எனக்குப் பதிலா நீங்க ஹஜ் செய்யக்கூடாது. நான் போகாதது போகாததாவே இருக்கட்டும். ஏன் வரலன்னு அல்லா கேட்டா, என் புருஷனக் கேளுன்னு சொல்லிக்கிறேன்."

ஷௌகி திரும்பி வந்தபோது, ஹாஜியார்கள் வந்தால் நிரம்பி வழிகிற வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அங்கிருந்து காய்ச்சல் ஒட்டி வரும் என்று பயம். மித்வல்லியின் தம்பி வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் மூன்று பேரும் அவன் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமுமாக உட்கார்ந்திருந்தோம். ஷௌகிக்கு வழக்கம்போலத் தொண்டை கட்டியிருந்தது, லேசாக உடம்பும் சுட்டது. இவளே சோம்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். அவன் எழுந்துவிட்டான், இவள் படுத்துவிட்டாள். மார்பு நோய் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். என்ன காய்ச்சல் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. காப்பாற்றுவதற்காகத்தான் அவளைப் போக வேண்டாம் என்றது அரசாங்கம். அவள் போகாவிட்டால் என்ன, அது வந்துவிட்டதே!

அவளை அடக்கம் செய்கிற ஜனாஸாவுக்கு வந்தவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு தள்ளி நின்றார்கள். என் வாழ்நாளில் அப்படி ஒரு வெறும் ஜனாஸாவை நான் பார்த்ததில்லை.

காய்ச்சல் பயம் தீர்ந்தது. அடுத்த வருஷம் எருமை விற்றவர் உட்பட எல்லாரும் வந்தார்கள். ஆபீஸில் நிற்க இடமில்லை. இன்சாஃபுக்காகப் பதில் ஹஜ் செய்கிறாய்தானே என்று வருகிறவர் போகிறவரெல்லாம் ஷௌகியைக் கேட்டார்கள், பள்ளிவாசல் இமாமும் கேட்டார். தன் ஹஜ்ஜைச் செய்து முடித்தவனுக்கு அதற்கு என்ன தடை, செத்தவளுக்கு நன்மை, கோபத்தில் சொன்னதையெல்லாம் எடுத்துக்கொள்ளாதே என்றார். அவன் தலையாட்டினான். நானும் மனசுக்குள், போ, போய்ச் செய்துவிட்டு வா, அவளுக்கு அது போய்ச் சேரட்டும் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்தவனை ஆபீஸில் உட்கார வைத்துக் கேட்டேன், அவள் பேரைச் சொன்னாயா என்று. மதீனாவிலிருந்து வருகிற வழியில் இஹ்ராம் கட்டுகிற பள்ளிவாசலில் பஸ் நின்றதாம். எல்லாரும் குளித்து வெள்ளைத் துணி உடுத்தினார்களாம். யாருக்காகச் செய்கிறோம் என்று அங்கேதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல், அந்தத் துணி உடுத்தாமல் போனால் அது ஹஜ் ஆகாது.

"துணியக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன் அக்கா," என்றான். "அவ பேரச் சொல்ல வாய் வரல. வேண்டாம்னாளே. சரி, என் பேரச் சொல்லிக்கலாம்னு பாத்தா, அதுவும் வரல."

"அப்புறம்?"

"துணிய மடிச்சு வெச்சுட்டுச் சட்டை பேண்ட்டோட பஸ்ல ஏறிட்டேன். அவங்கல்லாம் வந்துட்டேன் அல்லான்னு லப்பைக் சொல்லிட்டு வந்தாங்க. நான் டிரைவர் பக்கத்துல உக்காந்து வழி சொன்னேன்."

இப்போதும் வருஷம் தவறாமல் கூட்டத்தோடு போய்விட்டு வருகிறான். சட்டை பேண்ட்டோடுதான்.