கரகத்துக்கு எடுத்த தண்ணீர்

கம்போங் மேடானில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சுங்கை ஓடுகிறது. அதை ஆறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருவிழாவுக்கு அம்மன் கரகத்தில் அந்தத் தண்ணீரைத்தான் நிரப்ப வேண்டும். ஓடுகிற தண்ணீர்தான் ஆகும். பைப்புத் தண்ணீர் ஆகாது. கரகத்தை இறக்கியதும் அதையே தீர்த்தமாகக் கொடுப்பார்கள். கரகம் தூக்குவது நான்.

சுங்கைக்கு மேலே மேட்டில் முன்பு மரங்கள் நின்றன. இப்போது கொண்டோ அடுக்குமாடி கட்ட மண்ணை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே சாப்பாட்டுக் கடைகள், கார் கழுவும் இடம், லோரிப் பட்டறை. எல்லாக் கழிவும் இங்கேதான் வருகிறது.

இந்த வருஷம் மழையே இல்லை. சுங்கை வற்றி, கடைக்காரன் ஊற்றிய எண்ணெய்தான் கருப்பாக நின்றது. அழுகிய முட்டை நாற்றம்.

கோயில் தலைவர் என்னைவிட இளையவர். "ஒரு மழை பேயட்டும்ணே. எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிரும்" என்றார். நானும் நம்பினேன்.

கரகம் எடுக்கும் நாளன்று மத்தியானமே கொட்டியது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்றார்கள். மழை விட்டதும் போனோம்.

தண்ணீர் தே தாரேக் பால் டீ நிறத்தில் வந்தது. மேட்டு மண் பூராவும் இறங்கியிருந்தது. இத்தனை நாள் சாக்கடைகளில் சேர்ந்து கிடந்ததும் அதோடு வந்தது. பாம்பர்ஸ், எண்ணெய், வயிறு ஊதிய எலி.

இடுப்பளவு இறங்கினேன். பாம்பர்ஸ் ஒன்று தொடையில் ஒட்டியது.

கரையிலிருந்து உடுக்கைக்காரர் கத்தினார். "அண்ணே, ஒரு போத்தல் மினரல் வாட்டர் வாங்கியாரவா?"

"அம்மனுக்கா?"

"உங்களுக்கு லா. கால் கழுவ."

கரகச் செம்பை முக்கினேன். வழக்கத்தைக் கைவிட மனசு வரவில்லை. தலையில் வைத்துக் கோயில் வரை நடந்தேன். கழுத்தில் வழிந்தது.

இறக்கியதும் தீர்த்தத்துக்கு வரிசை. முதலில் கைக்குழந்தையோடு ஒரு பெண்.

"அங்கிள், காய்ச்சல் விடவே மாட்டேங்குது. பிள்ளை வாயில ரெண்டு சொட்டு விடுங்க."

தலைவர் கரண்டியோடு வந்தார். நான் செம்பை விடவில்லை.

"குடுங்கண்ணே. மஞ்சள் போட்டிருக்கு."

"அப்ப நீ முதல்ல குடி."

அவர் செம்புக்குள் பார்த்தார். எண்ணெய் மினுங்கியது. குடிக்கவில்லை.

வாசல் சாக்கடையில் கவிழ்த்தேன். அடியில் சிவப்பு மண் தங்கியிருந்தது.

"அம்மா தண்ணிய சாக்கடையில ஊத்துறான் பாரு!" வரிசையில் யாரோ வைதார்.

அந்தப் பெண்ணிடம், "கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போம்மா" என்றேன். அவள் என்னை முறைத்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். கிளினிக்குக்கா, வேறு கோயிலுக்கா, தெரியவில்லை.