கரையில் நின்ற ஒரே மரம்

பெண்டாட்டி நட்ட மரத்தையே வெட்டின கல்நெஞ்சன் என்று வாய் கூசாமல் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்த அணைக்குக் கீழேதானே குடியிருக்கிறார்கள்?

ஒரு பணக்காரர் படகு விட்டு விளையாடக் கட்டிய மண் அணைக்கு அவர் காவல்காரர். “நாள்பூரா உங்களுக்குக் குடை பிடிக்க என்னால ஆகாது, இது பிடிக்கட்டும்” என்று சிரித்தபடி மனைவி நட்டது அந்த மரம். வேர் வழியே தண்ணீர் அரித்து அணையையே உடைக்கும், கரையில் மரம் ஆகாதென்று தெரிந்தும், அவள் இறந்துபோன பிறகு வெட்ட மனம் வரவில்லை.

இந்த மழைக்கு வேரோரம் கலங்கல் தண்ணீர் கசிந்தது. அணைத் தண்ணீரை இறக்கி, மரத்தை வேரோடு தோண்டியெடுத்து, குழியில் களிமண் போட்டு இடித்தார்.

“அம்மாவோட மிச்சம் அது ஒண்ணுதான்ப்பா! நீங்க இருக்கிற வீட்டுல நான் இருக்க மாட்டேன்” என்றாள் மகள்.

“நீ எங்கம்மா போவ? நான் போறேன்.”

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மழை விட்டுக் கொளுத்தும் வெயிலில் வாசலைத் தாண்டினார்.