கண்டக்டர் ஊதினால்தான் பாட்டு கிளம்பும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாலே முக்கால் மணி. ஒரு பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஸ்கூட்டியில் போனேன். ஏறுவதற்காக இல்லை... கண்டக்டரை இறக்குவதற்காக!

சிரிக்காதீர்கள். நாற்பத்தாறு வயதில், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்திக்கொண்டு உறுவையாறு ரோட்டில் பறப்பது எனக்கும் பெருமையான விஷயம் இல்லை. ஆனால் தப்பு செய்தவள் நான். அப்புறம் வேறு யார் துரத்துவார்கள்?

எங்கள் வில்லியனூர்ப் பக்கம் ‘செங்கரும்பு’ என்று ஒரு பேண்ட் இருக்கிறது. இந்தப் பத்தியில் இரண்டு மூன்று முறை அதைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன், பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். நாலு பேர். பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவர் வேலாயுதம். உறுவையாற்றில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். இரண்டாவது கிட்டார், அவர் தம்பி. டிரம்ஸ் கதிரேசன், பெயிண்டர். நாலாவது ஆள் லூர்து. அவர் வாசிக்கும் பேஸ், பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம், அவரைவிட ஒரு சாண் உயரம். நின்றுகொண்டுதான் வாசிக்க முடியும்.

அந்தப் பேஸும், கூடவே ஒரு பெட்டி நிறைய கேசட்டும் லூர்துவின் மாமா கொடுத்தது. மாமா ஒரு சொல்தா. அதாவது, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று பென்ஷன் வாங்குகிறவர். அந்தக் கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டுத்தான் இவர்களுக்கு இந்த ஆட்டம் பிடிபட்டது. ராக்கபில்லி என்கிறார்கள், ஹாங்கி டாங்க் என்கிறார்கள். அமெரிக்காவில் பண்ணையில் வேலை பார்த்தவர்களும் லாரி ஓட்டினவர்களும் பாரில் கூடி ஆடின பாட்டு. பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேலும் விளக்கம் வேண்டுமா என்ன?

ஆனால் பாட்டெல்லாம் நம்ம ஊர் பாட்டு. மழையில் நின்றுபோன மோட்டார், பக்கத்து வூட்டுக் கோழி, பெண் வீட்டுக்காரர்கள் போட்ட கண்டிஷன்... கேட்டால் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எனக்கு ஏற்கெனவே கால் ஆட்டுகிற வியாதி வேறு. “கால ஆட்டாதடி, குடும்பத்துக்கு ஆவாது” என்று அம்மா தொடையில் கிள்ளிக் கிள்ளியே வளர்த்தார். செங்கரும்பு கச்சேரியில் மட்டும்தான் என்னை யாரும் கிள்ளுவதில்லை.

ரசிகர்கள் என்றால் சாதாரண ரசிகர்கள் இல்லை. தவளக்குப்பத்தில் பேக்கரி வைத்திருக்கும் ஒருவர், கச்சேரி நாளில் ஷட்டரை இறக்கி ‘அவசர வேலை’ என்று எழுதி ஒட்டிவிடுவார். ஒதியம்பட்டில், எங்கள் தெருவிலேயே, செங்கரும்பு எந்தத் தேதியில் சும்மா இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்த குடும்பம் உண்டு.

இவர்கள் எல்லோருக்கும் மேலே ஒருவர். முருகையன். வில்லியனூர் – பாகூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர்.

செங்கரும்பின் பெரிய ஹிட் ‘மொத பஸ்ஸு’. பாட்டு நடுவில் திடீரென்று எல்லா வாத்தியமும் நின்றுவிடும். வேலாயுதம் மைக்கில், “எல்லாரும் ஏறியாச்சா?” என்பார். கூட்டம் கப்சிப். அப்போது முருகையன் எழுந்து, படியில் யாராவது தொங்குகிறார்களா என்று பார்க்கிற மாதிரி முன்னே ஒரு பார்வை, பின்னே ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம் நிஜமான கண்டக்டர் விசிலில் இரண்டு ஊது. அந்த இரண்டாவது ஊதில் டிரம்ஸ் குதிக்கும்... பாட்டு மறுபடியும் கிளம்பும். ஒவ்வொரு கச்சேரியிலும் இதே கதைதான். அவர் வருவதற்கு லேட் ஆனால் அந்தப் பாட்டையே கடைசிக்குத் தள்ளிவைப்பார்கள்.

இப்படி இருக்கும்போது, பெங்களூரில் நடக்கும் ஒரு இசை விழாவுக்கு இந்த மாதிரி பேண்டுகளைத் தேடுகிறார்கள் என்று தெரிய வந்தது. நாலு பேருக்கும் அப்படியொரு ஆசை. “ஒரே ஒரு தடவ பெரிய மேடைல வாசிச்சுட்டா போதும்க்கா” என்று வேலாயுதம் கண் கலங்கச் சொன்னார். விண்ணப்பம் இங்கிலீஷில். நிரப்பிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு பாட்டை வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் வீடியோ எடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். பார்வையாளர் சத்தம் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி வரி இருக்கிறதே... அதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போகும்போது முருகையனிடம் சொன்னேன்.

“அண்ணே, ஞாயித்துக்கெழம ரெக்கார்டிங்குக்கு நீங்க வர வேணாம். வந்தா ஊதாம இருக்க மாட்டீங்க.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “ஏறு, ஏறு, உள்ள போ” என்று முன்பக்கம் நகர்ந்துபோனார். உள்ளே நகர இடமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. உறுவையாறு சமுதாய நலக்கூடத்தில் ரெக்கார்டிங். “சத்தம் போட மாட்டோம், சத்தியமா!” என்று நாற்பது ரசிகர்கள் வந்துவிட்டார்கள். விரலை வாயில் வைத்துக்கொண்டு, பரீட்சை ஹால் சூப்பர்வைசர் மாதிரி நான் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். யாருக்கோ இருமல் வந்தது. முறைத்தேன். பேக்கரிக்காரர் தன் வாயைத் தானே துண்டால் கட்டிக்கொண்டார்.

‘மொத பஸ்ஸு’ ஆரம்பித்தது. அருமையாகப் போனது. நடுவில் நின்றது. “எல்லாரும் ஏறியாச்சா?” என்றார் வேலாயுதம்.

கப்சிப்.

கப்சிப் தொடர்ந்தது. கதிரேசன் குச்சியைத் தூக்கியபடி கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லூர்துவும் பார்த்தார். நாலு பேரும் பார்த்தார்கள். பாட்டு கிளம்பவே இல்லை!

“இன்னாடா ஆச்சு? அடிடா!” என்றார் வேலாயுதம்.

“எப்ப அடிக்கறது? அவுரு ஊதலியே!”

இத்தனை வருஷமாக அந்த இடைவெளியை யாரும் எண்ணினதே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு நாள் சீக்கிரம் ஊதுவார், ஒரு நாள் இழுத்தடிப்பார். முருகையன் கையில் விசில், விசிலில் பாட்டு. மூன்று, நாலு என்று எண்ணிப் பார்த்தார்கள். தம்பி முந்தினார், கதிரேசன் பிந்தினார். வேலாயுதம் கண்ணைக் காட்டினார். அதைப் பார்ப்பதற்குள் லூர்து கிளம்பிவிட்டார். இதற்கிடையில் ஒரு மேதாவி பிளாஸ்டிக் விசில் ஒன்றை வாங்கிவந்து என் கையில் திணித்தார். ஊதினேன். “மேடம், அது ரெஃப்ரி விசிலு மாதிரி கீது” என்றார் கதிரேசன். ஏழு தடவை எடுத்தோம். ஏழும் பாழ்.

“ராகு காலத்துல எடுத்தா இப்டிதான்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். முறைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. வேலாயுதம் கிட்டாரைச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். “வுடுக்கா. நமக்கு வில்லியனூரே போதும்” என்றார். நான் படித்துச் சொன்ன ஒரு வரியால் இத்தனை பேர் ஆசையும் தரையில் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் வாசலில் ஹார்ன் சத்தம். அந்த ஹார்னை எனக்குத் தெரியும். முருகையனின் பஸ்! ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. ஆனால் மனுஷன் வேறொருவர் டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார் – வீட்டில் உட்கார முடியாமல். நான் வெளியே ஓடுவதற்குள் பஸ் போய்விட்டது.

ஸ்கூட்டியை எடுத்தேன்.

அடுத்த ஸ்டாப்பில் பிடித்துவிட்டேன். பஸ்ஸுக்குக் குறுக்கே நிறுத்தினேன். டிரைவர் என்னென்னவோ சொன்னார், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. முருகையன் படியில் இறங்கி நின்றார்.

“அண்ணே, வாங்க. நீங்க ஊதாம பாட்டு கெளம்ப மாட்டேங்குது.”

“நீதானம்மா வராதன்ன? சத்தம் ஆவாதுன்னியே?”

“தப்புதாண்ணே. என் மேலதான் தப்பு. உங்க விசில சத்தம்னு நெனச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க.”

அவர் வேறு பக்கம் பார்த்தார். “அதெல்லாம் ஒன்னியும் இல்ல. ஆனா வண்டிய வுட்டுட்டு எப்டிம்மா வர்றது? பத்து நிமிசத்துல பின்னாடி வண்டி வந்துடும். ஏத்தற ஆளெல்லாம் அவன் ஏத்திக்கினு போயிடுவான். மொதலாளிக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

தனியார் பஸ்ஸில் டைமிங் என்பது உயிர் என்று உங்களுக்குத் தெரியும். வாட்சைப் பார்த்தேன். மணி நாலு ஐம்பது.

ஜன்னலோரம் பட்டுப்புடவையில் ஒரு அம்மா. மடியில் பூத்தட்டு. பக்கத்தில் புதுச்சட்டையில் வளர்ந்த மகன். பாகூருக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். போச்சு, இவர்கள் அவசரப்படுத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

“செங்கரும்புக்கா?” என்றார் அந்த அம்மா. “போய் ஊதிட்டு வாங்கண்ணே. ஆறு மணி வரைக்கும் ராகு காலம். இப்பவே போனாலும் பொண்ணு வூட்டுக்கு வெளியதான் நிக்கணும்.”

“பின்னாடி வண்டில நாங்க ஒருத்தரும் ஏற மாட்டோம்” என்றது கடைசி சீட். “வாசல்ல நாலு பேரு நின்னுக்கறோம், யாரும் எறங்காம!” என்றது நடு சீட். அடடா! டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே இன்ஜினை அணைத்தார். டிக்கெட் பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, முருகையன் என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்தார். மாப்பிள்ளைப் பையன் மெல்ல இறங்கி, “நானும்...” என்று ஆரம்பித்தான். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்.

கூடத்துக்குள் அவர் காக்கிச் சட்டையோடு நுழைந்ததும் வேலாயுதம் எழுந்துவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கேமரா ஓடியது. பாட்டு ஓடியது. நின்றது.

“எல்லாரும் ஏறியாச்சா?”

முருகையன் முன்னே பார்த்தார். பின்னே பார்த்தார். விசிலை உதட்டில் வைத்தார். எடுத்தார்! மறுபடியும் பின்னே பார்த்தார். பாவி மனுஷா, ஊதித் தொலையேன்... என் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நான் சொன்ன சொல்லுக்கு வட்டியும் முதலுமாகக் காக்க வைத்தார். அப்புறம் ஊதினார். இரண்டு ஊது.

கதிரேசன் அடித்த அந்த அடி இருக்கிறதே! எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்பது பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தோம். பாட்டு முடிந்து கேமரா நிற்கும்வரை ஒரு சத்தம் இல்லை. நின்ற பிறகு கூரை மேல் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. முருகையன் எதையும் கேட்க நிற்கவில்லை. “வண்டி நிக்குது, வண்டி நிக்குது” என்று என்னை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அவரை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். பின்னால் வந்த வண்டி தாண்டிப் போயிருந்தது, இவருடைய பஸ்ஸில் ஒரு சீட்கூடக் காலியாகவில்லை.

வீடியோவை ஏற்றும்போது மணி ஐந்தே முக்கால். விண்ணப்பத்தில் ‘குழுவில் எத்தனை பேர்’ என்ற இடத்தில் நான் நாலு என்று போட்டிருந்தேன். வேலாயுதம் என் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்தார்.

“அஞ்சுன்னு மாத்துக்கா.”

மாற்றினேன்.

ரசிகர்கள் கீழே, கலைஞர்கள் மேலே என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மேடைக்கு எங்கே கோடு போடுவது என்று அந்த நாலு பேருக்கே தெரியாதபோது எனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? இங்கிலீஷ் தெரியும் என்கிற திமிர், வேறென்ன!

பெங்களூரிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. இருப்புக் கொள்ளவில்லை எனக்கு. இதை எழுதும்போதே ஒன்பது தடவை மெயிலைத் திறந்து பார்த்துவிட்டேன். மேஜைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. இன்று காலை பஸ்ஸில் முருகையனிடம், “பதில் எப்பண்ணே வரும்?” என்று போய்க் கேட்டேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

“அது வரும்போது வரட்டும்மா” என்றார். “நான் மொதலாளிகிட்ட லீவு சொல்லிட்டேன்.”