தண்டவாளத்துப் பள்ளத்தில் கேட்ட மிச்ச ராகம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாட்சி எழுதுகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் ஒரே மகள் மார்த்தாள் இரண்டு ராத்திரி காணாமல் போனாள். அவள் வெளியே போனது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் சபையார். அவளைத் திரும்பத் தந்தவர் ஆண்டவர். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் சாட்சி. முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய்.

என் பெயர் சாராள். கோலாலம்பூருக்கு மேற்கே, கிள்ளானுக்கு உட்புறத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. வேதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கூட்டி நானாகப் படித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். பிறகு லயத்து வரிசை வீட்டில் நானும் மகளும்தான். அவளும் என்னோடு பால் வெட்டினாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த வருஷப் பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சபையில் ஒரு பாட்டு வகுப்பு வைத்தார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் முதல் கல்யாணமாகாத இளவட்டங்கள் வரை யாரும் வரலாம். அங்கேயே தங்கி, சாப்பிட்டு, விடுமுறை முடியும் வரை பாட்டுப் படிக்க வேண்டும். பையன்கள் சபைக் கூடத்தில் படுத்தார்கள், பெண் பிள்ளைகள் பள்ளிக்கூட அறையில் படுத்தார்கள். கடைசி ஞாயிறு ஆராதனையில் நாலு குரலாகப் பிரிந்து நின்று பாட வேண்டும். துரைமாரும் கேட்க வருவார்கள்.

மகளுக்கு லீவு கேட்கப் போனபோது எங்கள் தோட்டத்துக் கங்காணி, “பாட்டுப் படிச்சா மரம் பால் குடுக்குமா?” என்று கேட்டார்.

“உங்க வசவுக்கே குடுக்குதே, பாட்டுக்குக் குடுக்காதா?” என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

பாதி வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மார்த்தாள் தலை வாரிக்கொண்டே பாடினாள். நாம் ஞாயிறுதோறும் பாடுகிற நன்றிப் பாட்டுதான். சொல்லெல்லாம் சரி. ராகம்தான் எங்கேயோ போனது. மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை. ஒரே இடத்தில் நின்று நின்று, சட்டென்று கீழே இறங்கியது.

“என்னடி இது? பாட்டு மாதிரியும் இருக்கு, பாட்டு இல்லாத மாதிரியும் இருக்கு?”

“இது ஆல்ட்டோம்மா. ரெண்டாவது குரல். தனியாக் கேட்டா இப்படித்தான் இருக்கும்.”

“அப்ப நம்ம ராகத்தை யாரு பாடுறா?”

“டவுன் பொண்ணுங்க.”

“தோட்டத்துப் பிள்ளைங்க?”

“நாங்க எல்லாரும் ஆல்ட்டோதான்.”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. “நல்ல ராகத்தை அவுங்க வழிச்சு எடுத்துக்கிட்டு மிச்சத்தை உங்களுக்குப் போட்டிருக்காங்களா? பந்தி முடிஞ்சப்புறம் இலை எடுக்கிறவளுக்குப் போடுற மாதிரி?”

அவள் சிரித்தாள். “மிச்சம் இல்லம்மா. நாங்க இல்லாட்டிப் பாட்டு நொண்டும்.” அதே ராகத்தை மறுபடி பாடிக்கொண்டே ரயிலுக்குக் கிளம்பிப் போனாள். நான் நம்பவில்லை. மிச்ச ராகம் என்றே அதற்குப் பேர் வைத்துவிட்டேன்.

கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள், கடலை உருண்டை பிடித்து எடுத்துக்கொண்டு, கிள்ளானில் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணியாரின் மனைவியை வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மார்த்தாளா? அவ முந்தாநாள் காலையிலயே வீட்டுக்குப் போயிட்டாளே. உங்ககிட்ட வரலையா?”

பிரியமானவர்களே, அந்தக் கேள்வியை எழுதும்போது இன்றைக்கும் பேனாவை அழுத்திக் காகிதத்தைக் கிழித்துவிடுகிறேன்.

குழாயடியில் நின்ற வேறொரு தோட்டத்துப் பெண் பிள்ளைதான் என் காதோடு எல்லாவற்றையும் சொன்னது. ஆராதனையில் ஆல்ட்டோ பிள்ளைகள் தூணுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்றார்களாம். டவுன் தாய்மார்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்களாம். மார்த்தாள் ஏன் என்று கேட்டிருக்கிறாள்.

“அதுக்கு அந்தம்மா, ‘உனக்குக் காட்டுல கூப்பிடுற குரலு. நீ வாயை மட்டும் அசை, சத்தம் வர வேணாம்’னாங்க பெரியம்மா. அக்கா சும்மா இல்ல. ‘ஆண்டவருக்கும் வாயை மட்டும் அசைச்சாப் போதுமா?’ன்னு கேட்டுருச்சு. ‘இஷ்டம் இல்லாட்டி வீட்டுக்குப் போ’ன்னாங்க. அக்கா அப்படியே நடந்துருச்சு.”

பெட்டி கூட எடுக்கவில்லை. அவளுடைய தகரப் பெட்டி சுவரோரமாக இருந்தது. பாட்டு வாத்தியார் அன்று வேறொரு சபைக்குப் போயிருந்தார். அவர் வந்து கேட்டபோது, அவள் பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார்கள். யார் போய்ப் பார்த்தார்கள்? யாரும் இல்லை.

சபை மூப்பரைத் தேடிப் போனேன். நாற்காலி எங்கே போடுவது, துரைசானிகள் எங்கே உட்காருவது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“பதறாதீங்கம்மா. வயசுப் பொண்ணு. யார்கூடப் பழக்கமோ, யாருக்குத் தெரியும்? போலீசு கீலீசுன்னு போனா சபைப் பேரு என்னாகிறது? நாளைக்கு ஆராதனை முடியட்டும், விசாரிப்போம்.”

“ஐயா, உங்க பொண்ணு தொலைஞ்சாலும் ஆராதனை முடியட்டும்னு உக்காந்திருப்பீங்களா?”

“என் பொண்ணு தண்டவாளத்துல நடந்து திரியிறவ இல்லம்மா.”

ஏளனமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு வழி அதில்தான் கிடைத்தது. ஆமாம், தோட்டத்துப் பிள்ளைக்கு வழி என்றால் தண்டவாளம்தான். கையில் காசு இல்லாமல் கிள்ளானுக்குப் போக வேண்டுமென்றால் அவள் அதில்தான் நடந்திருப்பாள். அன்று காலை நான் வந்த ரயில் அவளைத் தாண்டித்தான் வந்திருக்கிறது.

வெளியே வந்தேன். உள்ளே டவுன் பிள்ளைகள் அந்த நன்றிப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தார்கள். நான் சபைச் சுவரில் கையை ஊன்றி நின்றேன். முழங்கால் போடவில்லை. கண்ணை மூடவில்லை. வாய் விட்டுத்தான் பேசினேன்.

“ஆண்டவரே, என் புருஷனை எடுத்தீர். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது இவளையுமா? உமக்குப் பாட வந்த பிள்ளையைத் தொலைத்துவிட்டு உள்ளே உமக்கே பாடுகிறார்கள். அதையா கேட்டுக்கொண்டிருக்கிறீர்? அதைக் கேட்காதேயும். என் பிள்ளையின் சத்தத்தை எனக்குக் கேட்கப்பண்ணும். செத்துப்போனாள் என்றால் அதையாவது சொல்லும். சும்மா மட்டும் இருக்காதேயும்.”

ஆமென் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை. தண்டவாளத்தில் ஏறி நடந்தேன்.

மழை விட்ட வெயில். சிலிப்பர் கட்டைகள் வழுக்கின. இரண்டு பக்கமும் ஆளுயர லாலான் புல். கத்திக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். தொண்டை கட்டிவிட்டது. பெட்டாலிங் போய்ச் சேருவதற்கு முன்னால், ரயில்ரோடு வேலை செய்கிற ஆட்கள் நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கங்காணி நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். முத்துக்கருப்பன் என்று பிறகு தெரிந்தது.

“எங்கம்மா போற இந்த வெயில்ல? அங்கிட்டு ரயிலு வந்தா ஒதுங்க எடமில்ல.”

“என் பொண்ணைத் தேடுறேண்ணே. முந்தாநாள் இந்தப் பக்கமா நடந்து போயிருப்பா.”

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அவளைப் பார்த்திருக்கவில்லை. நான் மேலே நடக்கப் போனதும் ஒருவன் பதறி எழுந்தான்.

“யக்கா, அந்த மூங்கில் புதர்ப் பாலத்துப் பக்கம் மட்டும் தனியாப் போவாத. அங்க மோகினி இருக்கு. நேத்துலேருந்து பாடுது.”

“இவன் டிராலியை அப்படியே போட்டுட்டு ஓடியாந்தவன்” என்றான் இன்னொருவன்.

“நீ எனக்கு முன்னாடி ஓடுனியே, அதைச் சொல்லு!”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “என்ன பாட்டு?” என்று கேட்டேன்.

முத்துக்கருப்பண்ணன் கையை உதறிக்கொண்டே சொன்னார்: “அதாம்மா சங்கதி. மனுசங்க பாட்டா இருந்தா இறங்கிப் பாத்திருப்போம்ல? இது பாட்டு மாதிரியும் இருக்கு, பாட்டு இல்லாத மாதிரியும் இருக்கு. ஏற வேண்டிய எடத்துல ஏற மாட்டேங்குது.”

நான் அந்த மனிதருடைய எச்சில் கையைப் பிடித்துவிட்டேன்.

“அண்ணே, அது மோகினி இல்லண்ணே. அது ஆல்ட்டோ!”

“ஆல்ட்டோவா? அது எந்த ஊருப் பேயி?”

“எம்பொண்ணுண்ணே!”

அந்த மனிதர் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. சோற்றை மூடினார். “தள்ளுங்கடா டிராலியை” என்றார். அந்தப் பெண் எந்த ஜாதி, எந்தச் சபை, யாரோடு பழக்கம், ஒன்றும் கேட்கவில்லை. சபையார் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாலம் சின்னது. கீழே ஆழமான பள்ளம், இருட்டிப்போன மூங்கில் புதர். ஒரு சத்தமும் இல்லை. மார்த்தாள் என்று கூப்பிடப் பார்த்தேன், தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. கட்டிப்போன தொண்டைக்குப் பேச்சைவிடப் பாட்டு கொஞ்சம் வசப்பட்டது. அந்த நன்றிப் பாட்டை எடுத்தேன். நம் எல்லாருக்கும் தெரிந்த ராகத்தில், பிசிறும் இழுப்புமாக முதல் அடியைப் பாடினேன். பதில் இல்லை. இரண்டாம் அடியைப் பாடினேன். இல்லை. மூன்றாம் அடி ஏறுகிற இடம். நான் ஏறினேன்.

ஏறாத ராகம் ஒன்று கீழேயிருந்து வந்தது.

நூல் மாதிரி மெலிந்த சத்தம். என் ராகத்தின் அடியில் வந்து ஒட்டிக்கொண்டது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுமோ என்று பயம். நான் மேலே நின்று பாட, அவள் கீழே கிடந்து பாட, அந்த ஆட்கள் பாராங் கத்தியால் புல்லை வெட்டி வழி செய்துகொண்டு இறங்கினார்கள்.

கூட்ஸ் வண்டி வந்தபோது ஒதுங்க இடமில்லாமல் பாலத்திலிருந்து குதித்திருக்கிறாள். கணுக்கால் முறிந்துவிட்டது. இரண்டு ராத்திரி மழையில், சேற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, அட்டை கடியில் கிடந்திருக்கிறாள். தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டார்கள். கண்ணைத் திறந்தாள்.

“அம்மா, நீ சுருதியே இல்லாமப் பாடுற.”

அடிக்கவா, கட்டிக்கொள்ளவா? “ஏண்டி, எல்லாருக்கும் தெரிஞ்ச ராகத்தைப் பாடியிருந்தா நேத்தே வந்து தூக்கியிருப்பாங்களே!”

“வாயை மட்டும் அசைன்னாங்கல்ல. அதான் அந்தக் குரலையே சத்தமாப் பாடினேன்.”

என் மகள்தான், சந்தேகமில்லை.

டிராலியிலேயே கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் ஆராதனை முடிந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல் மூப்பர் வந்தார்.

“ஸ்தோத்திரம். சபைப் பேரு கெடாம ஆண்டவர் காப்பாத்திட்டார்” என்றார்.

“ஐயா, ஆண்டவர் எம்பொண்ணைக் காப்பாத்தினார். உங்க பேரைக் காப்பாத்தினதா எனக்குத் தெரியல” என்றேன். அவர் அதற்குப் பிறகு உட்காரவில்லை.

பாட்டு வாத்தியார் வேறு மாதிரி வந்தார். அன்று காலை அவர் ஆல்ட்டோ பிள்ளைகளைத் தூணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். மூப்பர் கண்ணைக் கண்ணைக் காட்டியும் அவர் திரும்பவே இல்லையாம். மத்தியானம் வகுப்பு முழுவதையும் கூட்டிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே புல்லில் நிறுத்தி, நாலு குரலிலும் பாடச் சொன்னார். மிச்ச ராகம் எங்கே இருக்கிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு தேடினேன். முதலில் பிடிபடவில்லை. கட்டிலில் கிடந்தபடி மார்த்தாள் சேர்ந்துகொண்டாள். அப்போதுதான் தெரிந்தது. மேல் ராகம் அதன் மேல்தான் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தது.

முத்துக்கருப்பண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கதவருகே நின்றார். “இப்பப் பேயி மாதிரி இல்லம்மா” என்றார்.

இப்போது மார்த்தாள் மழை நாளில் சற்று நொண்டுகிறாள். ஆனாலும் விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குத் தவறுவதில்லை. ஞாயிறு சாயங்காலம் எங்கள் லயத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து நாலு குரலும் சொல்லித் தருகிறாள். நானும் போய் உட்காருகிறேன். ஆல்ட்டோதான் பாடுகிறேன்.

கோபம் தீர்ந்ததா என்று கேட்கிறீர்களா? தீரவில்லை. அந்த அம்மாளும் மூப்பரும் இன்னும் முன் வரிசையில்தான் உட்காருகிறார்கள். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் சாட்சி கெட்டுவிடும். மன்னிக்கப் பெலன் தரும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதையும் கோபத்தோடுதான் கேட்கிறேன். அவருக்கு என் கோபம் புதிதில்லை. அன்று சபைச் சுவரோரம் ஆமென் கூட இல்லாமல் நான் போட்ட சத்தத்தை அவர் கேட்டார். ஒரு சத்தம் கேட்டேன், அந்தச் சத்தத்தையே கொடுத்தார். அதுவும் நான் மிச்சம் என்று சொன்ன ராகத்திலேயே கொடுத்தார். அவருக்கு நன்றி சொல்லி என் வாய் ஓயாது.

உங்களில் யாராவது துக்கத்தை நெஞ்சில் அடைத்துக்கொண்டு, ஜெபத்தில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே நிறுத்துங்கள். அழுகை வந்தால் அழுங்கள், சண்டை வந்தால் சண்டை போடுங்கள், ஆனால் சத்தமாகக் கேளுங்கள். அவர் நம்பத் தகுந்தவர், கேட்கிறவர். அப்புறம், வருகிற ஞாயிறு பாட எழுந்து நிற்கும்போது ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். உங்கள் சபையில் தூணுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? போய்க் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதற்குப் பிறகு பாட்டை ஆரம்பியுங்கள்.