புஷ்பா படித்த பன்றிக் கதை

எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் குலை சுமந்து, யார் தயவும் இல்லாமல் லாரி முதலாளியானவர் பொன்னுத்துரை. அந்தமானின் ஹட் பேயில் அவரைப்போல் இன்னொருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம்! ஆனால் மகள் புஷ்பா காய்ச்சலில் இறந்து ஒரு மாதமாகியும், பேத்தி மிதுனாவை ஒருமுறைகூடச் சிரிக்கவைக்க அவரால் முடியவில்லை.

ஒரு நாள் காலையில் அவளே, அம்மா வாங்கித் தந்திருந்த ஹிந்திப் படப் புத்தகத்தைத் தூக்கிவந்தாள்.

"படிங்க தாத்தா."

பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர் அவர். ஆனாலும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டு வங்காளி டீச்சரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். கதையில் பன்றி லட்டு திருடியது, மாட்டிக்கொண்டது, மன்னிப்புக் கேட்டது.

"கலத் ஹை! தப்பு! அம்மா இப்படிப் படிக்கல" என்று மிதுனா உதட்டைப் பிதுக்கினாள்.

"புத்தகத்தில் இதுதான் இருக்கு, பேட்டா" என்றார் டீச்சர்.

"அம்மாவோட பன்னி மன்னிப்பே கேக்காது. தொந்தியத் தடவிக்கிட்டு, 'நான் யாரு தெரியுமாடா? ஒத்த ஆளா மூணு லாரி வாங்குனவன்!'னு கத்தும். அப்புறம் டர்ருன்னு குசு விடும்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பொன்னுத்துரைக்குப் பன்றி யாரென்று புரிந்தது. தன் எதிரில் வாய் திறக்காத மகள், தன்னை வைத்து எத்தனை சாயங்காலம் சிரித்திருக்கிறாள்! அவருக்கும் சிரிப்பு வந்தது.

"நீங்க சொல்லுங்க தாத்தா, அதே மாதிரி."

அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "நான் யாரு..." என்று ஆரம்பித்தார். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பேச்சு, அன்று அதற்கு மேல் வரவில்லை. சிரிப்பதற்குத் தயாராக இருந்த குழந்தை, அவர் கலங்கிய கண்களைப் பார்த்ததும் புத்தகத்தை மெதுவாக மூடினாள்.